அருளுக்குச் சிலுவை எதற்கு?

சென்ற தவணையில் ஒருநாள் உயர்வகுப்பு மாணாக்கருக்கு இரட்சணிய யாத்திரிகத்தை அறிமுகஞ் செய்துகொண்டிருந்தேன். அதனை இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் 1827 ஆம் ஆண்டு வைணவக் குடும்பத்திற் பிறந்தவர். கம்பனில் தோய்ந்த புலவர். 1858 இல் கிறிஸ்தவரானார். ஆங்கில நாட்டு யோன் பனியன் 1678 இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி அவர் பாடிய பெருங்காப்பியம் 1894 இல் நூலாக வெளிவந்தது. அழிவுக்குரிய நகரினின்று புறப்பட்ட ஒரு பயணி பெருஞ்சுமையொன்றைத் தாங்கி வருகிறான். அச்சுமை அவனுடைய பாவம். எத்தனையோ பேர் எத்தனையோ வழி சொல்லியும் இறங்காத சுமை, சிலுவையின் முன்னே வந்து நின்றபோது தானே கழன்று விழுகிறது.

அந்த இடத்திற் சற்று நிறுத்தினேன். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான். சைவக் குடும்பத்துப் பிள்ளை.

"ஐயா, சுமை இறங்குவதற்குச் சிலுவை எதற்கு? கடவுள் அருளுடையவர் என்கிறார்கள். மன்னித்தேன் என்று ஒரு சொல்லுச் சொன்னால் முடிந்தது. அதற்குக் குற்றமில்லாத ஒருவர் சாகவேண்டுமா?"

வகுப்பு அமைதியாயிற்று. கிறிஸ்தவப் பிள்ளைகள் இருவர் தலையைக் குனிந்துகொண்டனர். "அது சமயம், நாம் படிப்பது இலக்கியம்" என்றேன். மணியும் அடித்தது. நான் தப்பினேன்.

தப்பினேனேயன்றி விடை சொன்னேனல்லேன். சுமை ஏன் விழுந்தது என்பது விளங்காதவனுக்கு அக்காப்பியத்தில் விளங்கியது யாது? காரணம் அறியாது பாட்டின் அணியை மாத்திரம் வியத்தல், உயிரை விட்டு உடம்புக்கு ஒப்பனை செய்தல் போலும். ஆகவே, அம்மாணவனுக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாக இக்கட்டுரை அமைகின்றது.

வினாவின் கூர்மை

அவ்வினா இருபுறமும் கூருடையது. இறைவன் பேரருளாளனாயின், வேறொன்றையும் வேண்டாது மன்னித்தல் அவனுக்கு இயலும். இயன்றும் அது செய்யாது ஒரு மரணத்தை வேண்டினான் எனின், அவனது அருளிற் குறைவு. மன்னிக்க விரும்பியும் வேறு வழி அறியாமையால் அந்தக் கொடிய வழியைத் தேர்ந்தான் எனின், அவனது ஞானத்திற் குறைவு. அருளுங் குறையாமல், ஞானமுங் குறையாமல், சிலுவைக்குக் காரணங் கூறுதல் வேண்டும். கிறிஸ்தவர் கூறும் இரட்சிப்பின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஏற்பவரும் ஏலாதவரும் முதலில் முடிச்சைக் காணுதல் நன்று.

இம்முடிச்சை ஒளியாது எடுத்துரைத்தவர் பவுலடிகள். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரை உரோமர் கி.மு. 146 இல் அழித்தனர். யூலியஸ் சீசர் கி.மு. 44 இல் அதனை மீளக் குடியேற்றினார். குடியேறியோருட் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இருபுறமும் துறைமுகம் உடைய நகராதலின் வாணிகம் செழித்தது, செல்வம் வந்தது, செல்வத்தின் பின்னே நாவன்மையில் மோகமும் வந்தது. பவுல் அங்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். காலியோ என்னும் உரோம ஆளுநர் முன்னிலையில் அவர் நிறுத்தப்பட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். தெல்பியிற் கிடைத்த கல்வெட்டொன்றின் துணைகொண்டு காலியோவின் காலம் கி.பி. 51, 52 ஆம் ஆண்டுகளை ஒட்டியது என அறிஞர் துணிந்துள்ளனர்.

பவுல் நீங்கியபின் கொரிந்துச் சபையிற் கட்சிகள் தோன்றின. நாம் இன்ன ஆசிரியரின் மாணாக்கர், நீவிர் இன்னாரின் மாணாக்கர் என்று பிரிந்து நின்றனர். கல்விச் செருக்கினால் வந்த பிளவு அது. இலக்கிய வட்டங்களிற் பழகியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இச்செய்தி கேட்டுப் பவுல் எபேசு நகரிலிருந்து, கி.பி. 54 அளவில், ஒரு திருமுகம் விடுத்தார். அதன் தொடக்கத்திலேயே ஒரு வழக்கை நம் முன் வைக்கிறார். சிலுவையைப் பற்றிய செய்தி யூதருக்கு இடறலாயும் கிரேக்கருக்கு மடமையாயும் தோன்றுவதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, உலகம் மடமை என்று தள்ளிய அதுவே கடவுளின் ஞானம் என்கிறார்.

மடமை என்றது மிகையன்று. உரோமப் பேரரசிற் சிலுவை, பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் இட்ட தண்டனை. உரோமக் குடிமகனுடைய கண்ணையும் காதையும் அச்சொல் அணுகலாகாது என்னுங் கருத்துப்பட, கி.மு. 63 இல் சிசரோ ஒரு வழக்கிற் பேசியிருக்கிறார். உரோமாபுரியின் பலத்தீன் குன்றில் 1857 இல் ஒரு சுவர்க்கிறுக்கல் வெளிப்பட்டது. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையிற் தொங்குகிறான். அருகே ஓர் இளைஞன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சமெனொஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்னும் பொருள்படக் கீழே கிரேக்க எழுத்து. அது கி.பி. 200 ஆம் ஆண்டை அண்டியது என்பர். அக்கட்டடம் அரண்மனை ஏவலிளைஞர் பயின்ற பள்ளி என்று கருதுவாரும் உளர். அங்ஙனமாயின், அது உடன் பயின்ற ஒருவனைத் தோழர் செய்த கேலி. என் மாணவன் அவர்களினும் பண்புடையவன். அவன் கேலி செய்யவில்லை, கேட்டான்.

ஒரு மாணாக்கர் கேட்டார்

சித்தாந்த சாத்திரங்களுள் உண்மை விளக்கம், மாணாக்கர் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் அமைந்ததென்பது நம்மவர் அறிந்தது. அதே முறையில், என் மாணவன் கேட்ட அதே வினாவைப் பற்றி, மேனாட்டில் ஒரு நூல் உண்டு. கடவுள் ஏன் மனிதரானார் என்பது அதன் பெயரின் பொருள். ஆசிரியர் அன்செல்ம், வினவும் மாணாக்கர் போசோ.

அன்செல்ம் 1033 அளவில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அயோஸ்தா நகரிற் பிறந்தவர். நோர்மண்டியிலுள்ள பெக் என்னும் மடத்தில் துறவியாகி, 1078 இல் அதன் தலைவரானார். 1093 இல் இங்கிலாந்தின் கன்ரபரிப் பேராயராயினார். அரசனோடு பிணக்கு நேர்ந்தமையால் 1097 இல் நாட்டை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு, தென் இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்திலே, தாம் முன்னர்த் தொடங்கிய இந்நூலை முடித்தார். நாடிழந்து நின்ற ஒருவர், மனிதன் இழந்ததை எவ்வாறு மீளப் பெறுவான் என்று எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

போசோ அந்நூலில் நம்பாதவரின் பக்கம் நின்று கேட்கிறார். தமக்காக அன்று, கேலி செய்வோருக்கு விடை வேண்டியே கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, கேட்கவேண்டியவற்றையெல்லாம் கேட்டுவிடுகிறார். அன்செல்மும் வேதவசனங்களை அடுக்கி அவர் வாயை அடைக்கவில்லை. நியாயத்தாலேயே விடை தேடுகிறார். மாணவனின் வாயை அடைத்த எனக்கு இதுவே முதற் பாடமாயிற்று.

மனிதன் சாத்தானுக்கு அடிமைப்பட்டான், அவனை மீட்கச் சாத்தானுக்குக் கொடுத்த விலையே சிலுவை என்று முன்னோர் சிலர் உருவகமாகக் கூறிவந்தனர். அந்நூல் அதனைத் தள்ளிவிடுகிறது. திருடனுக்குத் திருட்டுப் பொருளில் உரிமை ஏது? ஆகவே, கணக்கு மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலேதான். அவ்வாறாயின், இறைவன் ஏன் அதனை வெறுமனே அழித்துவிடலாகாது? இங்கே அன்செல்ம் ஓர் உவமை தருகிறார்.

செல்வன் ஒருவன் கையிலே விலைமதிப்பற்ற முத்து இருக்கிறது. பொறாமைக்காரன் ஒருவன் அதனைத் தட்டிச் சேற்றில் விழுத்துகிறான். செல்வன் குனிந்து எடுக்கிறான். எடுத்தவன் சேற்றோடு அதனைப் பட்டுத்துணியிற் பொதிந்து பேழையில் வைப்பானா? கழுவியன்றோ வைப்பான்? சேற்றோடு வைத்தால் அது முத்தின்மேல் அன்பாகுமா, அறிவாகுமா? மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நாட்டினராகிய நமக்கு இவ்வுவமை அயலானதன்று. மன்னித்தேன் என்ற சொல் முத்தைச் சேற்றினின்று எடுக்கும்; சேற்றைக் கழுவாது. அன்செல்ம் கூறும் இறைவன் முத்தை எடுக்க மாத்திரம் விரும்பவில்லை. அது முத்தாகவே மீளவேண்டும் என்று விரும்புகிறான்.

குற்றம் அவ்வளவு பெரிதா என்று போசோ கேளாமலில்லை. அதற்கு அன்செல்ம் கொலை, களவு முதலியவற்றைக் காட்டவில்லை. ஒரு பார்வையைக் காட்டுகிறார். இறைவன் பாராதே என்ற திசையை ஒருவன் ஒருமுறை பார்க்கிறான் என்க. உலகம் முழுவதையும் காப்பதற்காகவேனும் அப்பார்வை தகுமா என்று கேட்கிறார். எண்ணிப் பார்த்த மாணாக்கர் தகாது என்று ஒப்புக்கொள்கிறார். குற்றத்தின் அளவு செய்த செயலின் அளவன்று. யாருக்கு எதிராகச் செய்தோமோ அவரது பெருமையின் அளவு. ஆதலின், ஈடு செய்யவேண்டியவன் மனிதன். ஈடு செய்ய வல்லவன் இறைவன் ஒருவனே. கடமை ஒரிடத்தும் வலிமை மற்றோரிடத்தும் நின்றமையால், இரண்டும் ஒருவரிடத்தே கூடவேண்டியதாயிற்று. கடவுள் மனிதரானதற்கு அன்செல்ம் கண்ட காரணம் அதுவே.

கணக்கேட்டில் ஒரு வரி

நியாயம் இவ்வாறு செல்லும். ஆனால், நியாயம் விளங்கிய அளவில் நெஞ்சுக்கு விளங்கிவிடுவதில்லை. எனக்கு இது விளங்கியது நூலினால் அன்று என்பதைச் சொல்லியாகவேண்டும்.

பள்ளி மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் வகுப்பு வாசிகசாலைக்குச் சந்தா சேர்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு திருவிழாக் காலத்தில் அப்பணத்தில் முப்பது ரூபாவைச் செலவழித்துவிட்டேன். கணக்குக் கொடுக்கும் நாள் வந்தது. நடுக்கத்தோடு ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, அடிக்கவில்லை. "சரி, போ" என்றார். மன்னிப்பு இவ்வளவு இலகுவானதா என்று மகிழ்ந்து ஓடிவந்தேன்.

அடுத்த மாதம் என்னை அழைத்து அதே கணக்கேட்டை என் கையிலே கொடுத்தார். சந்தாவை நானே சேர்க்கவேண்டும் என்றார். ஏட்டை விரித்தேன். சென்ற மாதக் கணக்கிலே குறைவில்லை. கடைசி வரியில், பெயர் குறியாத ஒருவரின் உதவி முப்பது ரூபா என்று எழுதியிருந்தது. எழுத்து அவருடையது. மாத முடிவில் அவர் வீட்டுச் செலவுக்குப் படும் பாட்டை ஊரறியும். அந்த வரியைக் கண்டபோதுதான் என் கண் கலங்கிற்று. அடித்திருந்தாற்கூட அப்படிக் கலங்கியிராது.

"சரி, போ" என்ற சொல் எனக்கு இலவசம். அவருக்கு இலவசமன்று. மன்னிப்பினால் நட்டம் மறைந்துவிடவில்லை. என்னிடமிருந்து அவரிடம் மாறிற்று. மன்னிக்கின்றவர் எவராயினும் எதனையோ தாம் தாங்கிக்கொண்டே மன்னிக்கிறார். பணமாயின் பணம், பழியாயின் பழி. தாங்காத மன்னிப்பு மறதி எனப்படும். அல்லது அலட்சியம் எனப்படும்.

இன்னொன்றும் உண்டு. பணத்தை நிரப்பியதோடு அவர் நின்றிருப்பாராயின், நான் மன்னிக்கப்பட்ட திருடனாகவே நின்றிருப்பேன். ஏட்டைத் திரும்பத் தந்தார். அதன்பின் ஒரு சதமேனும் என் கையிற் குறையவில்லை. பணத்தை நிரப்பியது அவருடைய அருள். ஏட்டைத் தந்தது அவருடைய ஞானம். அந்த இரண்டையும் அவரிடத்திற் பிரித்துக் காண என்னால் இன்றும் இயலவில்லை.

சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர் கூறுவதும் இவ்வகையினதே. சினங்கொண்ட தந்தையொருவர் குற்றமற்ற மகனை வதைத்துச் சினந் தணிந்தார் என்று அதனைக் கூறுவாரும் கேட்பாரும் உளர். என் மாணவன் கேட்டிருந்ததும் அதுவே போலும். அவ்வாறு கூறுதல் அச்சமயத்தின் அடிப்படைக் கொள்கைக்கே முரண். மகன் வேறு கடவுளல்லர். கொடுப்பவரும் கொடுக்கப்படுபவரும் ஒரே கடவுள். மகன் வலிந்து கொல்லப்பட்டவரல்லர், தாமே விரும்பித் தம்மைக் கொடுத்தார் என்று அன்செல்மும் வற்புறுத்துகிறார். ஏட்டிலே வரி எழுதிய கை, பணம் கொடுத்த கைதான்.

வேறு சிலர் கண்ட விடை

அன்செல்மின் விடையோடு எல்லாரும் உடன்பட்டாரல்லர். பெருமை, ஈடு என்றெல்லாம் அவர் பேசுவது அக்காலத்துப் பிரபுக்களின் வழக்கினின்று எடுத்த மொழி என்று பிற்காலத்தார் குறை கூறினர். அவருக்கு ஒரு தலைமுறை பிந்திய பீற்றர் அபெலார்ட் (1079–1142) வேறு திசையில் நோக்கினார். சிலுவையிற் காணப்படும் அன்பே மனிதன் உள்ளத்தில் அன்பை மூட்டுகிறது. அவ்வாறு மூண்ட அன்பே மீட்பு என்பது அவர் கருத்தின் சாரம். கணக்கேட்டு வரியைக் கண்டு கலங்கிய எனக்கு இதுவும் பொய்யாகத் தோன்றவில்லை. ஆயின், வரி உண்மையில் கணக்கை நிரப்பியிராவிட்டால், அது என்னைக் கலங்கச் செய்திருக்குமா? பயனில்லாத இடத்தில் வருந்திக் காட்டுவது அன்பாகாது, கூத்தாகும். ஆகவே, அபெலார்ட்டின் விடை நிற்பதற்கு அன்செல்மின் விடையிற் சிறிதேனும் அடியில் இருக்கவேண்டியிருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமா (1225–1274) இருவரையும் கடந்து ஒரு சொற் சொன்னார். ஈடு எதுவுமின்றியே மன்னிக்க இறைவன் விரும்பியிருப்பின், அதுவும் நீதிக்கு மாறாகாது. ஏனெனில் அவனுக்கு மேலே நின்று அவனைக் கேட்கும் நீதிபதி எவருமிலர். ஆகவே, சிலுவை இறைவனை எவரும் கட்டாயப்படுத்தியதால் வந்ததன்று. ஆயினும், அதனினும் பொருத்தமான வழி வேறில்லை. மனிதன் தன்மேல் இறைவன் வைத்த அன்பின் அளவை அறிந்தான். பணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பெற்றான். தோற்ற மனித இயல்பே வென்ற இயல்புமாயிற்று என்று அவர் காரணங்களை அடுக்கினார். என் மாணவனின் வினாவுக்கு நேர்விடை இதுவே என்பது என் துணிபு. ஒரு சொல்லால் மன்னித்திருக்கலாமே என்றால், மன்னித்திருக்கலாம். அருளுக்கு அது போதும். ஞானத்துக்கு அது போதவில்லை. ஞானம் என்பது, செய்ய வல்லவற்றுள் எதனைச் செய்தால் பெறுபவன் நிறைவு பெறுவான் என்று தேர்வது.

யார் முதலில்?

இனி, பயணியின் சுமை தானே கழன்று விழுந்தது என்றோமே. அவன் சிலுவைவரை நடந்து வந்தானே, அந்த நடை யாருடையது? இவ்வினாவினாற் கிறிஸ்தவ உலகம் பெரிதும் கலங்கியது. மனிதன் தன் முயற்சியால் அறத்தில் நிற்க வல்லவன் என்றார் பெலாகியஸ். முயற்சிக்கு முன்னரே அருள் வந்து உள்ளத்தைத் திருப்பாவிடின் முயற்சியே பிறவாது என்றார் அகுஸ்தீனார் (354–430). கார்த்தேச் சங்கம் 418 இல் பெலாகியஸ் கொள்கையை மறுத்தது. நம்பிக்கையின் தொடக்கமுங்கூட அருளின் செயலே என்று 529 இல் ஒராஞ்சுச் சங்கம் தீர்த்தது. பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் எழுப்பிய பெருங்கிளர்ச்சியின் நடுவிலும், 1547 இல் திரெந்துச் சங்கம் வகுத்த விடையின் நடுவிலும் நின்றது இதே பொருள்தான். ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு கழித்து, 1999 ஒக்ரோபர் 31 ஆம் நாள், யேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலே கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளின் உலக இணையமும் ஒரு பொது அறிக்கையில் ஒப்பமிட்டனர். நம் தகுதியாலன்று, அருளாலேயே ஏற்கப்படுகிறோம் என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபட்டனர். 2006 இல் மெதடிஸ்த திருச்சபைகளின் உலக மன்றமும் அதனோடு இணைந்தது.

நம்மவர்க்கு இவ்விவாதம் புதிதன்று. வைணவருள் வடகலையார் குரங்குக்குட்டியை உவமை காட்டினர். தாயைக் குட்டி பற்றிக்கொள்ளல் வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினர். தாயே குட்டியைக் கௌவிச் செல்லும். வைணவத்திலிருந்து வந்த கிருஷ்ண பிள்ளைக்கு இவ்வழக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. கடலுக்கு அப்பாலும் இப்பாலும், ஒருவரையொருவர் அறியாதிருந்த அறிஞர், ஒரே இடத்தில் வந்து தடுமாறினர் என்பதை எண்ணும்போது, அருள் என்னும் பொருளின் ஆழம் ஒருவாறு புலனாகிறது.

நஞ்சும் சிலுவையும்

இவற்றை ஓரளவு ஒழுங்குபடுத்திக்கொண்டு அடுத்த வாரம் வகுப்புக்குப் போனேன். முத்தையும் சொன்னேன், கணக்கேட்டையும் சொன்னேன். வினவிய மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின் எழுந்து, "ஐயா, நஞ்சு எழுந்தபோது சிவபெருமான் மறைந்து போ என்று சொல்லாமல் எடுத்து உண்டது போலவா?" என்றான்.

நான் எதிர்பார்த்ததன்று. திருநீலகண்டத்தை அன்றாடம் சொல்லும் வாயினரே நாம். பாற்கடலில் எழுந்த நஞ்சை இல்லாமற் போகச் செய்வது இறைவனுக்கு அரிதன்று. செய்யவில்லை. எழுந்த தீமையைத் தானே ஏற்று, பிறரைக் காத்து, அதன் வடுவைக் கண்டத்திலே அணியாகத் தாங்கினான். சிலுவையை எள்ளியோர் அதனை இழிவாகக் கண்டனர். வணங்குவோர் வெற்றிக் குறியாகக் கண்டனர். வடுவே அணியாவது இரண்டிடத்தும் ஒக்கும்.

ஒப்புமையைக் கூறியபின் வேறுபாட்டையும் கூறுதல் கடன். நஞ்சுண்ட இறைவன் சாவதில்லை; சிலுவையிற் கிறிஸ்து உண்மையாகவே மரிக்கிறார், பின் உயிர்த்தெழுகிறார் என்பது கிறிஸ்தவரின் உயிர்க்கொள்கை. அந்நஞ்சு கடல் கடைந்தபோது எழுந்தது. கிறிஸ்தவர் கூறும் நஞ்சு மனிதனின் உள்ளத்தைக் கடைந்தால் எழுவது. சைவர் மறக்கருணை என்பர். தண்டிப்பதும் அருளே என்பது அதன் பொருள். அக்கருணையின் வன்மையைப் பிறர்மேல் வைக்காது தம்மேலேயே ஏற்றுக்கொண்டார் என்பது சிலுவைச் செய்தி. வேறுபாடுகளை மறைத்து எல்லாம் ஒன்றே என்று கைகுலுக்கிப் பிரிவது எளிது. அதனால் ஒருவரையும் அறிந்தவராக மாட்டோம். அந்த மாணவன் தன் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டே அயல்வீட்டு விளக்கைக் கண்டான். அதுவே கல்வி.

ஒரு பழஞ்சொல்

முடிக்குமுன் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அருளைக் குறிக்கக் கிறிஸ்தவத் தமிழர் பல சொற்களைக் கையாண்டுள்ளனர். சீர்திருத்தச் சபையார் கிருபை என்றனர். கத்தோலிக்கர் முன்பு இஷ்டப்பிரசாதம் என்றும், மரியாளை வாழ்த்தும் செபத்திலே பிரியதத்தம் என்றும் வழங்கினர். பின்னர் அவ்விடங்களில் அருள் என்னுஞ் செந்தமிழ்ச் சொல் வந்தமர்ந்தது. பிரியதத்தம் என்பது பிரியத்தோடு தரப்பட்டது எனப் பொருள்படும். உழைப்புக்குக் கூலியாகத் தருவதன்று, அன்பினால் தருவது என்னுங் கருத்து அப்பழைய சொல்லில் நன்கு அமைந்திருந்தது.

அவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது மற்றொரு சொல். திருமுழுக்கு என்று இக்காலத்து வழங்குவதை நம்மூர்க் கிறிஸ்தவர் இன்றும் ஞானஸ்நானம் என்பர். ஞானத்தில் நீராடுதல் என்பது பொருள். அந்நீராட்டை அருளின் நீராட்டு என்றே அவர்தம் கோட்பாடு கொள்ளும். தமிழ்ச் சொல்லோ ஞானத்தின் நீராட்டு என்கிறது. பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதி விளக்க முயன்ற ஒருமைப்பாட்டை அச்சொல் இயல்பாகவே காட்டி நிற்கிறது.

அதிலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் பல. தாயின் தோளிற் கிடக்கும் மூன்று மாதக் குழந்தைக்கு ஞானம் ஏது? நூல் கற்றதா, நோன்பு நோற்றதா, நன்மை தீமை அறிந்ததா? தலையில் நீர் பட்டதும் வீரிட்டு அழுகிறது. அவ்வளவே அதன் பங்கு. ஆயினும் பெயர் ஞானஸ்நானம். அந்த ஞானம் நீராடும் குழந்தையினுடையதன்று, நீராட்டுபவனுடையது.

கற்றோம் என்று தருக்கிய கொரிந்தியருக்குப் பவுல் நினைவூட்டியதும் இதுவே. தேர்வு எழுதிப் பட்டம் பெற்று, பிறர் பிழையைத் திருத்துவதையே தொழிலாக்கிக்கொண்ட என்போன்றோருக்கு இது எளிதிற் செரிக்கக்கூடியதன்று. நாம் பெற்ற யாவும் நம் உழைப்பின் கூலி என்று கணக்கு வைத்துப் பழகிவிட்டோம். அந்தக் கணக்கேட்டைச் சற்றே பின்னோக்கிப் புரட்டினால், எங்கோ ஒரு பக்கத்தின் கடைசி வரியிலே, வேறொருவர் கையெழுத்துத் தெரியும்.